ஆறாயிரம் பேருக்கு எஸ்எம்எஸ் அனுப்பப் போய் பட்ட பாடு

நகைக்கடையில் 11 மாதச் சீட்டு போட்டிருப்பவர்களுக்கு மாதா மாதம் "தவணையைக் கட்டுங்கள்" என்று ஒரு எஸ்எம்எஸ் வருமே, அதை அனுப்பும் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் கைக்கு வந்தது. விருதுநகர் மாவட்டத்தில் நடுத்தரமான ஒரு கடை. நான் தனியாளாக வெப்சைட் வேலை செய்து பிழைப்பவன். சந்தேகம் கேட்கக்கூட பக்கத்து நாற்காலியில் ஆள் கிடையாது. எஸ்எம்எஸ்களை வாங்கி ஆபரேட்டர்களிடம் சேர்க்கும் கேட்வே நிறுவனத்தைக் கேட்டால், சர்வர் இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங்கைக் கேளுங்கள் என்றார்கள், ஹோஸ்டிங்கைக் கேட்டால் புரோகிராமைப் பாருங்கள் என்றார்கள். காசும் தூக்கமும் போன பிறகுதான் ஒரு ஒழுங்குக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கோ கேபிள் டிவி ஆபீசுக்கோ இதே வேலையை இப்போது யாராவது செய்துகொண்டிருப்பீர்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் இருந்தவர் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிவைத்த பக்கம் ரொம்ப எளிமையானது. மேனேஜர் உள்ளே போய் "அனுப்பு" என்ற பட்டனை அழுத்துவார். சீட்டு எண் வரிசையில் ஒவ்வொரு வாடிக்கையாளராக எடுத்து, புரோகிராம்கள் செய்தியைக் கொடுப்பதற்கென்று கேட்வே வைத்திருக்கும் ஏபிஐ முகவரியை ஒரு முறை கூப்பிடும், அடுத்தவருக்குப் போகும். முந்நூறு, நானூறு பேர் இருந்த காலத்தில் அது போதும். நான் வந்தபோது சீட்டு ஆறாயிரத்தைத் தொட்டிருந்தது. போதாக்குறைக்குக் கேட்வே நிறுவனம் புதிதாக ஒரு வரம்பு வைத்தது: ஒரு கணக்குக்கு நொடிக்கு 5. அந்த அறிவிப்பு கடையின் யாரும் திறந்து பார்க்காத பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருக்கிறது. எந்தக் கேட்வே கணக்கை எடுத்து நடத்தினாலும், தொடர்பு மின்னஞ்சல் யாருடையது என்று முதல் நாளே பார்த்து மாற்றிவிடுங்கள்.

மாதம் பிறந்து இரண்டாம் நாள் கடை முதலாளி கூப்பிட்டார். "தம்பி, ஒருத்தருக்கு மூணு தடவை வந்திருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒண்ணுமே வரல. கடையில வந்து நிக்காங்க." நான் போனபோது ஒரு அம்மா சீட்டு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முந்தின நாள்தான் பணம் கட்டியிருக்கிறார், அட்டையில் சீலும் இருக்கிறது. அதன் பிறகும் மூன்று முறை "தவணை நிலுவையில் உள்ளது" என்று வந்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. கட்டின பணம் கணக்கில் ஏறவில்லையோ என்ற பயம். நகைச்சீட்டில் வாடிக்கையாளர் கொடுப்பது நம்பிக்கையின் பேரில்தான். அதில் ஒரு எஸ்எம்எஸ் கை வைக்கும் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். புரோகிராமின் பதிவேட்டைத் திறந்தால், ஆறாயிரம் பேருக்கும் "அனுப்பப்பட்டது" என்று பச்சை நிறத்தில் இருக்கிறது.

என்ன நடந்தது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏபிஐயை ஒரு முறை கூப்பிட்டுப் பதில் வர சராசரியாக மூன்றில் ஒரு நொடி ஆகிறது. அதாவது நொடிக்கு மூன்று எஸ்எம்எஸ். வரம்பு ஐந்துதானே, உள்ளேதானே இருக்கிறோம் என்று தோன்றும். ஆனால் எங்கள் செய்தி தமிழில் இருந்தது, நீளமானது. ஒவ்வொன்றும் மூன்று துண்டாகப் போகிறது, கேட்வே துண்டைத்தான் எண்ணுகிறது. நொடிக்கு ஒன்பது துண்டு போனால் ஐந்துக்கு மேல் போவதைத் தள்ளிவிடும். தள்ளியதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா? வரம்பு மீறினால் 429 என்ற எண்ணை அனுப்புவதுதான் முறை. எங்கள் கேட்வே 200, அதாவது "எல்லாம் நலம்" என்று அனுப்பிவிட்டு, பதிலின் உடம்புக்குள் மட்டும் வரம்பு மீறல் என்று ஒரு வரி வைத்திருந்தது. பழைய புரோகிராம் 200ஐப் பார்த்ததும் பச்சை குத்திவிட்டது. இன்னும் சில கேட்வேக்களும் இப்படிச் செய்வதைப் பின்னால் பார்த்தேன். கணக்கு திறந்ததும் வேண்டுமென்றே தப்பான கடவுச்சொல், தப்பான எண், வரம்பு மீறல் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்து, அது என்ன பதில் சொல்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மூன்று தடவை எப்படிப் போனது? ஆறாயிரம் பேரை முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் பிஎச்பியிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், அமைப்பை மாற்றாதவரை, 60 நொடிதான் பொறுக்கும், பிறகு மேனேஜரின் திரையில் 504, அதாவது நேரம் கடந்துவிட்டது என்று காட்டிவிடும். அவர் என்ன நினைப்பார்? போகவில்லை என்றுதான். மறுபடி அழுத்தினார். ஆனால் திரையில்தான் பிழை, பின்னால் பிஎச்பி சாகவில்லை. வெளியே எதையாவது எழுத முயன்றால்தான் எதிரில் ஆள் இல்லை என்பது அதற்குத் தெரியும். எங்கள் பக்கம் எதையும் எழுதுவதில்லை, அதனால் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. இரண்டாவது அழுத்தல், உள்ளே நுழைந்தவரை நினைவில் வைத்திருக்கும் செஷன் கோப்பு பூட்டியிருந்ததால் முதல் ஓட்டம் முடியும்வரை வாசலில் காத்திருந்துவிட்டு, அது முடிந்ததும் முதல் சீட்டிலிருந்து தொடங்கியது. அதன் பின்னால் மூன்றாவது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுந்தது, யாருக்கு விழுந்தது என்பது லாட்டரிதான். ரூ.3,240 ஆகவேண்டிய மாதம் ரூ.5,300க்கு மேல் போனது.

இந்தப் பிரச்சினைக்கு எல்லோரும் முதலில் சொல்லும் மருந்து, நடுவில் ஸ்லீப் போட்டுப் புரோகிராமைக் கொஞ்சம் தூங்கவிடு என்பது. சோதனை எண்களை வைத்து அதையும் பார்த்தேன். லினக்ஸ் சர்வரில் பிஎச்பியின் ஓட்ட நேர வரம்பு தூங்கும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆகவே முதலில் நன்றாக ஓடுவது போலத்தான் இருந்தது. ஆனால் ஒரே சர்வரைப் பலர் பங்கிடும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ரொம்ப நேரம் ஓடும் வேலையை அவர்களே கொன்றுவிடுகிறார்கள். பாதியில் செத்தால் யார்வரை போனது என்று தெரியாது. இன்னொரு தொல்லை, அது ஓடும் நேரமெல்லாம் மேனேஜரின் பில்லிங் திரை திறக்காமல் சுற்றிக்கொண்டே நிற்கும், அதே செஷன் பூட்டுதான் காரணம். செஷனைச் சீக்கிரம் மூடிவிட்டால் பில்லிங் திரை திறக்கும், ஆனால் அடிப்படைக் கோளாறு தீராது. பிரவுசரில் ஒருவர் திறக்கும் பக்கம் ஒரு மணி நேர வேலைக்கான இடமே இல்லை என்பது என் முடிவு. இதில் வேறு யோசனை சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

அதனால் பட்டனின் வேலையைக் குறைத்தேன். இப்போது அதை அழுத்தினால் எஸ்எம்எஸ் எதுவும் போகாது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஒரு அட்டவணையில் ஆறாயிரம் வரிகள் ஏறும், அவ்வளவுதான், சில நொடியில் முடிந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் எண், செய்தி, துண்டுகளின் எண்ணிக்கை, நிலை, எத்தனை முறை முயன்றது, எப்போதிலிருந்து அனுப்பலாம், எதற்கு மேல் அனுப்பவே கூடாது, கேட்வே கொடுத்த குறிப்பு எண் எல்லாம் இருக்கும். சீட்டு எண்ணையும் மாதத்தையும் சேர்த்து ஒரு தனித்த சாவி வைத்துவிட்டேன். மேனேஜர் பத்து தடவை அழுத்தினாலும் இரண்டாவது வரி ஏறாது. இரட்டைச் செய்திக்கு எதிராக நான் செய்த காரியங்களிலேயே உருப்படியானது இந்த ஒற்றைச் சாவிதான், முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அனுப்புவது தனி ஸ்கிரிப்ட். குறித்த நேரத்தில் வேலைகளை எழுப்பிவிடும் கிரான் மூலம் நிமிடத்துக்கு ஒரு முறை எழும். கிரானில் நிமிடத்துக்குக் கீழே போக முடியாது, ஆகவே நொடிக் கணக்கை ஸ்கிரிப்டுக்குள்தான் பார்க்க வேண்டும். வரம்பு ஐந்து துண்டு, நான் நான்கோடு நிறுத்திக்கொண்டேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மூன்று துண்டுச் செய்தி என்றால் முக்கால் நொடிக்கு ஒன்று. மொத்தமாகத் தள்ளிவிட்டு மீதி நேரம் தூங்குவது வேண்டாம். நம் நொடியும் கேட்வேயின் நொடியும் ஒரே இடத்தில் தொடங்காது, எல்லையில் இரண்டு கொத்து சேர்ந்து விழுந்தால் வரம்பு உடையும். சீராக இடைவெளி விடுங்கள், ஏபிஐ பதிலுக்கு ஆன நேரத்தை அந்த இடைவெளியில் கழித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 70 செய்தி என்று வைத்தேன், 53 நொடிக்குள் முடிந்து அடுத்த கிரானுக்கு வழிவிடும். ஆறாயிரத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. முதலாளி "பத்து மணிக்கு எல்லாருக்கும் டாண்ணு போகணும்" என்பார். "அண்ணாச்சி, பத்துக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடியும்" என்று இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். இதை வேலை பேசும்போதே போட்டுக் காட்டிவிடுவது நல்லது. சில ஹோஸ்டிங்கில் கிரானை 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான் விடுவார்கள், அதையும் முன்னாலேயே கேளுங்கள்.

நெட் மந்தமான நேரத்தில் 53 நொடி 80 நொடியாகும். அப்போது முதல் ஆள் வேலையில் இருக்கும்போதே அடுத்த ஆள் எழுந்து அதே வரிகளைக் கையில் எடுப்பார். எஃப்லாக் என்ற கட்டளையால் ஒரு பூட்டுக் கோப்பு வைத்து, பூட்டு கிடைக்காவிட்டால் பேசாமல் வெளியேறும்படி செய்தேன். அதற்கு மேல் பாதுகாப்பாக, வரியின் நிலையை முதலில் "எடுத்தாயிற்று" என்று மாற்றிய பிறகே ஏபிஐயைக் கூப்பிடுவது. கூப்பிட்டுப் பதில் வராமலே நேரம் கடந்துவிட்டால்? போனதா இல்லையா, நமக்குத் தெரியாது. திரும்ப அனுப்பினால் இரட்டிப்பாகலாம், விட்டால் ஒருவருக்குப் போகாமலே இருக்கலாம். தவணை நினைவூட்டலில் விட்டுவிடுவதுதான் சரி, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அப்படிப்பட்ட வரிகளைச் "சந்தேகம்" என்று ஒதுக்கி, மாலையில் கேட்வேயின் டெலிவரி அறிக்கையோடு ஒப்பிட்டு முடிவு செய்கிறேன். வரம்பு மீறல் என்று தெளிவாகப் பதில் வந்தவை வேறு ரகம், அவற்றை மறுபடி அனுப்பலாம். உடனே அல்ல, இரண்டு நிமிடம், பிறகு நான்கு, எட்டு என்று தள்ளித் தள்ளி, ஐந்தாவது முயற்சியோடு நிறுத்திவிட வேண்டும்.

இதெல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நடுராத்திரிக் கதை. ஹோஸ்டிங்காரர்கள் பராமரிப்பு என்று சொல்லிக் கணக்கை வேறு மெஷினுக்கு மாற்றினார்கள். பழைய மெஷினில் இந்திய நேரம் இருந்தது, புதியதில் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் யூடிசி. காலை 10 முதல் இரவு 8 மணிவரை எழு என்று இருந்த கிரான், நம் நேரப்படி மதியம் மூன்றரைக்கு எழுந்து அதிகாலை ஒன்றரை மணிவரை ஓடியது. பெரும்பாலானவை மாலைக்குள் போய்விட்டன. மறுமுயற்சிக்காகவும், மேனேஜர் ராத்திரி கடை அடைக்கும்போது ஏற்றிய புதுச் சீட்டுகளுக்காகவும் நின்றிருந்த சில நூறுதான் நேரம் கெட்ட நேரத்தில் போனவை. ராத்திரி ஒரு மணிக்குப் போன் சத்தம் கேட்டால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதானே எழுந்து உட்காருவார்கள்? மறுநாள் முழுக்க முதலாளி வாங்கிய வசவு எனக்கும் வந்து சேர்ந்தது. விளம்பர எஸ்எம்எஸ் என்றால் காலை 10 முதல் இரவு 9 வரைதான் என்ற கட்டுப்பாடு இருப்பதால் ஆபரேட்டரே நிறுத்தியிருப்பார். எங்களுடையது சேவை வகை, எந்த நேரத்திலும் போகும், தடுக்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு கிரானின் கடிகாரத்தை நான் நம்புவதில்லை. ஸ்கிரிப்டே ஆசியா/கொல்கத்தா என்று நேரத்தைக் கேட்டு, பத்துக்கு முன்னாலோ எட்டுக்குப் பின்னாலோ இருந்தால் திரும்பிப் படுத்துவிடும். வரியில் "இதற்கு மேல் அனுப்பக் கூடாது" என்ற நேரமும் அதற்குத்தான், தவணைத் தேதி தாண்டின பிறகு நினைவூட்டிப் புண்ணியமில்லை.

இனி துண்டு விஷயம், இதில்தான் பணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து பிடிக்கும். தமிழ் எழுத்து ஒன்று உள்ளே வந்தாலும் அது யூனிகோடு ஆகி 70தான். அதைத் தாண்டி ஒட்டிய செய்தியாகப் போனால் துண்டுக்கு 67. நாம் கண்ணால் எண்ணும் எழுத்துக் கணக்கும் வேறு. "நகைச்சீட்டு" பார்வைக்கு ஆறு எழுத்து, ஆனால் புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிப்பதால் அங்கே 11. எங்கள் செய்தி "அன்பார்ந்த வாடிக்கையாளரே," என்று தொடங்கியது, அந்த மரியாதைக்கு மட்டும் 25 இடம், முதல் துண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதை எடுத்து, "செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்பதைச் "செலுத்தவும்" ஆக்கியதும் மூன்று துண்டு இரண்டானது. துண்டு 18 பைசா, 18,000 துண்டு 12,000 ஆனதில் மாதம் ரூ.1,080 மிச்சம், நேரமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முதலாளிக்கு "அன்பார்ந்த" போனதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றாலும் ஆபரேட்டர்களின் பதிவுத் தளமான டிஎல்டியில் புது டெம்ப்ளேட், அதாவது செய்தியின் வாசகம், பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த இந்த முறையில் நாம் அனுப்புவதும் பதிந்ததும் ஒத்துப்போகாவிட்டால் ஆபரேட்டரின் வாசலிலேயே செய்தி நின்றுவிடும். 2021 மார்ச் 8ஆம் தேதி இந்தச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தபோது வங்கி ஓடிபிகளே நாடு முழுக்கத் தடுமாறி, டிராய் ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தது பலருக்கு நினைவிருக்கும். எனக்கு இதில் வந்த சிக்கல் சின்னது: வாசகத்தில் ஆளுக்கு ஆள் மாறும் இடம் ஒவ்வொன்றிலும் அப்போது 30 எழுத்துக்குத்தான் அனுமதி இருந்தது. இனிஷியல், பெயர், ஊர் எல்லாம் சேர்த்துப் பெயர்க் கட்டத்தில் எழுதி வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும் செய்தி போகவே இல்லை. கேட்வே வாங்கிக்கொண்டது, காசும் கழிந்தது, ஆபரேட்டர் நிறுத்திவிட்டார். பெயரை எடுத்துவிட்டுச் சீட்டு எண்ணை மட்டும் வைத்தேன், தீர்ந்தது.

நான்கோடு ஏன் நிறுத்தினேன் என்று சொல்கிறேன் என்றேனே. கடையின் ஆப்பில் உள்ளே போக ஓடிபி வரும், அதுவும் இதே கணக்கிலிருந்துதான். மொத்தச் செய்தி போய்க்கொண்டிருக்கும் ஒன்றரை மணி நேரமும் வரம்பு முழுக்க அதற்கே போனால், நினைவூட்டலைப் பார்த்துவிட்டு உடனே பணம் கட்ட வருகிறவருக்கு ஓடிபி கிடைக்காது. அதனால் நொடிக்கு ஒரு துண்டை ஓடிபிக்கென்று ஒதுக்கினேன். அந்தச் செய்தி ஆங்கிலத்தில், ஒரே துண்டு, வரிசையில் நிற்காமல் நேரே போகும். முடிந்தால் ஓடிபிக்குத் தனிக் கணக்கே வாங்கிவிடுங்கள்.

இரட்டையாகப் போனவற்றுக்கான காசைக் கேட்வே திருப்பித் தரவில்லை, ஏற்றுக்கொண்ட செய்திக்குக் கட்டணம் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. கூடுதலான இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பாதியை என் கூலியில் முதலாளி பிடித்துக்கொண்டார், அந்த மாதம் செய்த மற்ற வேலைக்கு நான் பில் போடவும் இல்லை. இப்போது பராமரிப்பு ஒப்பந்தத்தில் எஸ்எம்எஸ் கட்டணம் கடையின் பொறுப்பு என்று தனி வரி எழுதி வாங்கிவிட்டேன். தீபாவளிக்குச் சலுகை எஸ்எம்எஸ் அனுப்பித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அது விளம்பர வகை: வேறு ஹெடர் (அனுப்புநர் அடையாளம்), வேறு டெம்ப்ளேட், விளம்பரம் வேண்டாம் என்று பதிந்துவைத்த எண்களுக்குப் போகாது. அட்டவணையில் "வகை" என்று ஒரு பத்தி சேர்த்து, விளம்பரம் என்றால் தவணையும் ஓடிபியும் போன பிறகுதான் அதன் முறை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.